ஒண்டை அமத்தினால் பாடம், ரெண்டை அமத்தினால் கணக்கு: வாசிகசாலைக் கணினிக்கு ஒரு பூட் மெனு

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கம் வாசிகசாலை ஒன்றில் இருக்கும் மேசைக் கணினி இது. 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) உள்ள மதர்போர்ட். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழும்பவிடும் செக்யூர் பூட் இயங்கும் நிலையிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-இல் நிறுத்தியது. இந்த புரொசசருக்கு விண்டோஸ் 11 இல்லை. ஆகவே இணையம், பாடம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போடப்பட்டது. நிலையத்தின் கணக்கு மென்பொருளும் பழைய பிரிண்டரும் விண்டோஸை விட்டு வரமாட்டா என்பதால் அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது, இணைய இணைப்பு இல்லாமல்.

கணினி எழும்பும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கும் சிறு நிரல் கிரப். நிறுவி முடிந்ததும் அது காட்டிய மெனுவில் எல்லாம் ஆங்கிலம்: உபுண்டு, அதன் மேலதிகத் தெரிவுகள், மெமரி சோதனை, டிஸ்க் பெயரோடு நீண்ட விண்டோஸ் வரி, ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். "இதில எதை அமத்துற மனே?" என்று பத்திரிகை பார்க்க வரும் ஓர் அம்மா கேட்டால், பதில் ஒரு சொல்லில் முடிய வேண்டும். இயங்குதளத்தின் பெயர் அவருக்கு எதையும் சொல்லாது. செய்யப்போகும் வேலையின் பெயர் சொல்லும். ஆகவே இரண்டே இரண்டு வரி, தமிழில், வேலையின் பெயரில், முன்னால் 1, 2 என்று இலக்கம். பழுதுபார்க்க வேண்டிய மிச்சமெல்லாம் ஒரு பூட்டின் பின்னால்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் கீழே தமிழில் ஒலித்தபடி எழுதப்பட்டிருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. கிரப் என்று தொடங்கி அடிக்கோட்டோடு வரும் மாறிகள் மட்டும் முழுக்கப் பேரெழுத்து.

முதலில் பற்றரி

மெனுவைத் தொடுமுன் இந்தக் கணினியில் வேறொரு கோளாறு இருந்தது. இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், காலையில் மெனுவே வராமல் நேரே விண்டோஸுக்குப் போய்விடும். திகதியும் பழைய ஆண்டுக்குத் திரும்பியிருக்கும். திகதி தவறினால் சந்தேகம் முதலில் சீமொஸ் பற்றரி (மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் சிறு பற்றரி) மேலேயே விழ வேண்டும். மல்டிமீட்டரில் 2.3 வோல்ட் காட்டியது. புதிய சிஆர்2032 பற்றரி 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பற்றரி செத்தால் சில மதர்போர்ட்கள் ஃபர்ம்வேர் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், பூட் வரிசையில் விண்டோஸை மேலே வைத்துவிடும். இது அந்த வகை. கிரப்பில் எத்தனை தடவை திருத்தினாலும் மறுநாள் காலை அதே கதைதான்.

பற்றரியை மாற்றுமுன் அது உட்காரும் தகட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் எழுவான்கரையில் உப்புக்காற்று அந்தத் தகட்டில் பச்சை பிடிக்க வைக்கும். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகே புதிய பற்றரி. அழுக்குத் தகட்டில் போட்ட புதுப் பற்றரியும் தொடுகை சரியில்லாமல் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

அதன்பின் உபுண்டுவில் 'சுடோ ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கொடுத்தால் ஃபர்ம்வேர் வைத்திருக்கும் பட்டியல் வரும். இங்கே விண்டோஸ் 0000, உபுண்டு 0003. அதே கட்டளையோடு '-ஓ 0003,0000' சேர்த்தால் உபுண்டு முதலாவது. ஃபர்ம்வேரிலேயே ஃபாஸ்ட் பூட் என்று ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது சில கணினிகளில் யூஎஸ்பி கீபோர்ட் மெனு நேரத்தில் உயிர் பெறாது. அம்புக்குறியை எவ்வளவு அமத்தினாலும் அசையாது.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியது இரண்டு. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரம் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஓஃப்'. இதைச் செய்யாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் அதன் டிரைவை உபுண்டுவிலிருந்து எழுதத் திறக்க முடியாது. மற்றது நேரம். வன்பொருள் மணிக்கூட்டை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்ளும். இலங்கை நேரம் 5.30 மணித்தியாலம் முன்னே நிற்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிசகும். உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' போதும். டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லொக்கர் இயங்கும் கணினியானால் எதையும் தொடுமுன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பூட் பாதை மாறினால் அது அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும்.

மெனுவைக் குறுக்குதல்

கிரப்பின் மெனு /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் இருக்கிறது. அதைக் கையால் திருத்தாதீர்கள். கேர்னல் (இயங்குதளத்தின் கரு) அப்டேட் ஒவ்வொன்றிலும் அது புதிதாக எழுதப்படும். உங்கள் திருத்தம் போய்விடும். மூலம் இரண்டு இடத்தில்: /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற கோப்பும் /ஈடிசி/கிரப்.டி என்ற அடைவும். அடைவில் உள்ளவை இலக்க வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, அவை கக்குவதெல்லாம் ஒட்டி ஒரே மெனுவாகும்.

இரண்டையும் வீட்டு அடைவுக்கு நகலெடுத்த பிறகே வேலை. நகலைக் கிரப்.டி-க்குள்ளேயே '.பிஏகே' என்று பெயர் மாற்றி வைப்பது பலரும் செய்யும் பிழை. இயக்க உரிமை உள்ள எந்தக் கோப்பையும் கிரப் ஓட்டிவிடும், நகலையும் சேர்த்து. மெனுவில் எல்லாம் இரட்டிப்பாக நின்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

30_ஓஎஸ்-புரோபர் மற்ற இயங்குதளங்களைத் தேடும் பகுதி. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் அதை இயல்பிலேயே அணைத்து வைத்திருக்கிறார்கள்; நிறுவிய பிறகு சில கணினிகளில் விண்டோஸ் மெனுவில் காணாமல் போவது அதனால். கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபோல்ஸ் என்று எழுதினால் திரும்ப வரும். இங்கே விண்டோஸ் வரியைக் கையால் எழுதப்போவதால் அது வேண்டாம்: 'சுடோ சிஎச்மொட் -எக்ஸ்' கொடுத்து அதன் இயக்க உரிமையை எடுத்துவிட்டோம். அப்டேட் நேரமும் மிச்சம்.

40_கஸ்டம் கோப்பை 09_வாசிகசாலை என்று நகலெடுத்தோம். 10_லினக்ஸுக்கு முன்னால் வர வேண்டும் என்பதற்காகவே 09. அதன் முதல் இரண்டு வரிகளை அப்படியே விட வேண்டும். மூன்றாம் வரியிலிருந்து எழுதுவது மாறாமல் மெனுவுக்குப் போகும். அதில் இரண்டு பதிவு.

முதலாவது, பாடத்துக்கு. மெனுஎன்ட்ரி என்ற சொல், மேற்கோளுக்குள் தலைப்பு, பிறகு '--கிளாஸ் பாடம் --ஹொட்கீ=1 --அன்ரெஸ்ட்ரிக்டட் --ஐடி பாடம்'. சுருள் அடைப்புக்குள் லோட்_வீடியோ, உபுண்டு இருக்கும் பகிர்வின் (டிஸ்க்கின் பிரிவு) யூயூஐடியை, அதாவது அதன் அடையாளக் குறியை, தேடும் சேர்ச் வரி, பிறகு லினக்ஸ் வரி, இனிட்ஆர்டி வரி. லினக்ஸ் வரியில் பதிப்பு இலக்கமுள்ள கேர்னல் பெயரைப் போடாதீர்கள். இலக்கமில்லாமல் /பூட்/விஎம்லினுஸ் என்று போட்டு, அதன்பின் ரூட்=யூயூஐடி= என்று உபுண்டு பகிர்வின் யூயூஐடியைச் சேருங்கள் (ரூட் சிற்றெழுத்து, இங்கே யூயூஐடி பேரெழுத்து), மற்றதில் /பூட்/இனிட்ஆர்டி.ஐஎம்ஜி. இரண்டும் எப்போதும் புதிய கேர்னலைக் காட்டும் இணைப்புகள். இலக்கத்தோடு எழுதினால், அந்தக் கேர்னல் நீக்கப்படும் நாளில் மெனு இருக்கும், கணினி எழும்பாது. /பூட் அடைவுக்குத் தனிப் பகிர்வு இருந்தால் பாதையில் முன்னால் உள்ள /பூட் வராது, சேர்ச் வரியும் அந்தப் பகிர்வின் யூயூஐடியைத் தேட வேண்டும்.

இரண்டாவது, கணக்குக்கு. கிளாஸும் ஐடியும் கணக்கு, ஹொட்கீ 2. சேர்ச் வரியில், பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பகிர்வின் யூயூஐடி. அது ஃபாட் வகை என்பதால் நான்கும் நான்குமாக எட்டு எழுத்துத்தான், 'பிஎல்கேஐடி' கட்டளையில் தெரியும். பிறகு, விண்டோஸின் சொந்த பூட் நிரலுக்குக் கைமாற்றும் செயின்லோடர் வரியில் /ஈஎஃப்ஐ/மைக்ரோசொஃப்ட்/பூட்/பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.ஈஎஃப்ஐ. அவ்வளவுதான்.

மிச்சம் இருக்கும் ஆங்கில வரிகளை அழிக்கத் தேவையில்லை, அழிக்கவும் கூடாது. பழைய கேர்னலும் மீட்பு முறையும் ஒருநாள் வேண்டிவரும். 09 கோப்பின் கடைசி வரியில் ஒரு சப்மெனுவைத் திறந்து, சுருள் அடைப்பை மூடாமல் விட்டோம். 39_மூடு என்று இன்னொரு கோப்பில் மூடும் அடைப்பு மட்டும். இடையில் 10, 20, 30 என்று வருவதெல்லாம் தானாக அந்த சப்மெனுவுக்குள் போய்விடும். 39-க்கு இயக்க உரிமை கொடுக்க மறந்தால், மெனுவைப் புதிதாக எழுதும் 'அப்டேட்-கிரப்' கட்டளை இலக்கணப் பிழை என்று சொல்லி நின்றுவிடும், ஆனால் பழைய மெனுக் கோப்பை மாற்றாது. ஆகவே அந்தக் கட்டளையின் வெளியீட்டைக் கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் மறுதொடக்கம்.

தமிழ் ஏன் நேரே எழுத முடியாது

தலைப்பில் தமிழைத் தட்டிப் பார்ப்பதுதான் எவரும் முதலில் செய்வது. கிரப் யூனிகோட் அறியும், அதோடு வரும் யூனிஃபொன்ட் எழுத்துருவில் தமிழும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்துகளைக் கோக்கும் இயந்திரம் கிரப்பில் இல்லை. 'கெ' என்று எழுதும்போது கணினி சேமிப்பது முதலில் க, பிறகு கொம்பு. கொம்பை இழுத்து முன்னால் வைப்பது, 'கோ'வில் கொம்பை ஒரு பக்கமும் அரவை (ா) மறுபக்கமும் பிரிப்பது, 'கு', 'மு' என்பவற்றை ஒரே உருவாகக் கட்டுவது எல்லாம் திரையில் வரையும் மென்பொருளின் வேலை. உபுண்டுவின் திரையில் அது நடக்கிறது. கிரப்பில் நடக்காது. 'கணக்கு' என்ற சொல்லின் கடைசி எழுத்தே குலைந்து நிற்கும். கிரப்_டெர்மினல் கொன்சோல் (வெறும் எழுத்துத் திரை) என்று வைத்திருந்தால் அதுகூட வராமல் போகலாம்.

வேறு தமிழ் எழுத்துருவை 'கிரப்-எம்கேஃபொன்ட்' கொண்டு கிரப்பின் எழுத்துரு வகையான பிஎஃப்2 ஆக்கிப் போடுவதாலும் தீராது. வடிவம் அழகாகும், எழுத்தைக் கோக்கும் முறை அதே. மேலும் 2022-இல் கிரப்பின் எழுத்துருப் பகுதியில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியான பிறகு, செக்யூர் பூட் இயங்கும்போது வெளி எழுத்துருக் கோப்புகளை ஏற்றவிடாமல் அடைத்துவிட்டார்கள். செக்யூர் பூட்டை அணைத்தால் வழி திறக்கும்தான். பொதுக் கணினியில் ஓர் எழுத்துருவுக்காக அந்தக் கதவைத் திறந்து வைப்பது சரியல்ல.

சொல்லைப் படமாக்கினால் இந்தச் சிக்கல் இல்லை. மெனுவின் தோற்றத்தை வரையறுக்கும் கிரப் தீமில் ஒவ்வொரு வரிக்கும் ஐகன் வைக்கலாம். பதிவில் கொடுத்த கிளாஸ் பெயரில் தீமின் ஐகன்ஸ் அடைவுக்குள் ஒரு பிஎன்ஜி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். ஐகன் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. 480க்கு 80 பிக்சலில் இரண்டு படம் இங்க்ஸ்கேப்பில் வரைந்தோம், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில். ஒன்றில் வட்டத்துக்குள் 1, பக்கத்தில் 'பாடம், இணையம்'. மற்றதில் 2, 'கணக்கு, பிரிண்ட்'. எழுத்து வெள்ளை, பின்னணி ஒளிபுகும். கிம்ப் வழியாகச் சேமித்தால் இன்டர்லேசிங் குறியை எடுத்துவிடுங்கள். கிரப்பின் பிஎன்ஜி வாசிப்பான் அதை அறியாது. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் படம் வராது. பின்னணிப் படம் ஜேபெக் என்றால் புரொக்ரெசிவ் வகையும் அப்படித்தான். 1924-இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தின் விடியல் படம் ஒன்றை 1024க்கு 768-ஆக வெட்டி, இருட்டாக்கி, பிஎன்ஜியாகவே போட்டோம்.

தீம்.டிஎக்ஸ்டி கோப்பில் இடமும் அகலமும் விழுக்காட்டில் கொடுங்கள், மொனிட்டர் மாறினாலும் நடுவில் நிற்கும். எங்கள் பூட்_மெனுப் பகுதியில் இடது 15%, அகலம் 70%, மேலே 35%, உயரம் 45%. ஐகன்_விட்த் 480, ஐகன்_ஹைட் 80, ஐட்டம்_ஹைட் 96, ஐட்டம்_ஸ்பேசிங் 24. இரண்டு வரிக்கும் பழுதுபார்க்கும் சப்மெனுவுக்குமாக 336 பிக்சல் வேண்டும். 768-இல் 45% ஏறத்தாழ 345. உயரத்தைக் குறைத்தால் மூன்றாவது வரி மறைந்து, அம்பு அமத்தினால்தான் வெளிப்படும். ஐகன் அளவைத் தீமில் எழுதாமல் விட்டால் கிரப் தன் இயல்பான சிறு சதுரத்துக்குள் படத்தைச் சுருக்கிவிடும். சொல் ஒரு புள்ளியாகத் தெரியும்.

தெரிவான வரியைக் காட்ட செலக்டட்_ஐட்டம்_பிக்ஸ்மப்_ஸ்டைல் என்பதில் ஒரு நிறப் பட்டை. முதலில் போட்ட மஞ்சளில் வெள்ளை எழுத்து கரைந்துபோனது. ஐகன் படம் தெரிவானாலும் தெரிவாகாவிட்டாலும் ஒரே படம்தான், எழுத்தின் நிறம் மாறாது என்பதை நினைவில் வைத்துப் பட்டைக்கு நிறம் எடுக்க வேண்டும். கடும் சிவப்பு சரிவந்தது.

பதிவின் தலைப்பில் வெறும் இடைவெளி விட்டுப் பார்த்ததும் உண்டு, படத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலம் தெரியாதிருக்க. தீம் ஏறாத ஒரு தடவை கறுப்புத் திரையில் வெற்று வரிகள் மட்டும் நின்றன. எது எது என்று தெரியாது. இப்போது தலைப்பு ஆங்கிலத்தில் '1 லினக்ஸ்', '2 விண்டோஸ்' என்று சிறிதாகப் பக்கத்தில் இருக்கிறது. அழகு கொஞ்சம் குறைவு. ஆனால் இது இல்லாமல் இந்த முறையைச் செய்ய வேண்டாம்.

எண்ணிக்கைக்கும் ஒரு வழி கிடைத்தது. தீமில் லேபல் ஒன்றுக்கு ஐடி '__டைம்அவுட்__', டெக்ஸ்ட் '%டி' என்று கொடுத்தால் மிச்ச விநாடி வெறும் இலக்கமாக வரும். 'விநாடியில் பாடம் திறக்கும்' என்ற சொற்களைப் பின்னணிப் படத்திலேயே அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதிவிட்டோம். இலக்கத்தை கிரப் வரைகிறது, தமிழைப் படம் சொல்கிறது. இரண்டும் ஒரே வரியில் வர மூன்று நான்கு தடவை இடம் மாற்ற வேண்டியிருந்தது.

நேரம், மின்வெட்டு, பூட்டு

/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்பில் மாற்றியவை: கிரப்_டிஃபால்ட்=பாடம், கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்=மெனு, கிரப்_டைம்அவுட்=20, கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட்=1024x768,ஓட்டோ, கிரப்_தீம்=தீம் கோப்பின் முழுப் பாதை. டிஃபால்ட்டுக்கு வரி இலக்கம் போடாமல் ஐடி போட்டால், மெனு வரிசை மாறினாலும் பிழைக்காது. கடைசியாகப் பாவித்ததை நினைவில் வைக்கும் 'சேவ்ட்' முறை சொந்த மடிக்கணினிக்கு நல்லது. பலர் இருக்கும் கணினியில் முன்னால் இருந்தவர் விட்டுப்போனது அடுத்தவர் தலையில் விழும்.

உபுண்டுவின் கிரப்பில் ரெக்கார்ட்ஃபெயில் என்று ஒன்று உண்டு. எழும்பும் நடுவில் கரண்ட் போனால், அடுத்த தடவை மெனு 30 விநாடி காத்திருக்கும். எங்கள் இரண்டு பதிவிலும் அந்த வரி இல்லை. மெனு எப்போதும் காட்டப்படுவதால் தேவையும் இல்லை. சப்மெனுவுக்குள் இருப்பவற்றுக்காக மட்டும் கிரப்_ரெக்கார்ட்ஃபெயில்_டைம்அவுட்=20 சேர்த்தோம். 'கணினி மெனுவிலேயே நிக்குது' என்ற முறைப்பாடு வந்தால் முதலில் கீபோர்டைப் பாருங்கள். எந்த விசை பட்டாலும் எண்ணிக்கை நின்றுவிடும். கீபோர்ட் மேல் வைத்த கொப்பி ஒன்று போதும்.

மெனுவில் 'இ' விசையை அமத்தினால் யாரும் பூட் வரியைத் திருத்தி நிர்வாகி ஆகலாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும். 'கிரப்-எம்கேபாஸ்டபிள்யூடி-பிபிகேடிஎஃப்2' தரும் நீண்ட வரியை 09 கோப்பின் தொடக்கத்தில் சூப்பர்யூசர்ஸ் வரியோடு சேர்க்க வேண்டும். அதன்பின் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று குறிக்காத எல்லாம் கடவுச்சொல் கேட்கும். மேலே இரண்டு பதிவிலும் அந்தச் சொல்லைச் சேர்த்தது இதற்குத்தான். மறந்தால் காலையில் கதவு திறப்பவரிடமே கணினி கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல்லில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் வையுங்கள். கிரப் அமெரிக்கக் கீபோர்ட் அமைப்பையே எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸுக்கு இணையம் கொடுத்திருக்கும் கணினியில், பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு மெனு காணாமல் போனால் கிரப்பை மறுபடி நிறுவ ஓடாதீர்கள். பெரும்பாலும் வரிசை மட்டுமே மாறியிருக்கும். உபுண்டு பென்ட்ரைவில் எழும்பி 'ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' பட்டியலில் உபுண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் '-ஓ' போதும். ஃபர்ம்வேர் வரிசையையே மதிக்காத சில மடிக்கணினிகளில், விண்டோஸுக்குள் பிசிடிஎடிட் கட்டளையால் பூட்எம்ஜிஆரின் பாதையை \ஈஎஃப்ஐ\உபுண்டு\ஷிம்எக்ஸ்64.ஈஎஃப்ஐ (செக்யூர் பூட்டின் கீழ் கிரப்பை ஏற்றும் கோப்பு) என்று மாற்றினால் வழிக்கு வரும்.

பதிவே அழிந்திருந்தால் '-சி' கொடுத்து அதே ஷிம் கோப்புக்குப் புதுப் பதிவு எழுத வேண்டும், டிஸ்க் பெயரும் ஈஎஃப்ஐ பகிர்வின் இலக்கமும் சேர்த்து. அந்த நேரத்தில் தேடித் திரியாமல் இருக்க, இரண்டு யூயூஐடியும் பகிர்வு இலக்கமும் பூட் இலக்கங்களும் எழுதிய தாள் ஒன்று கேசிங்கின் உட்பக்கக் கதவில் ஒட்டியிருக்கிறது. பற்றரி மாற்றிய திகதியும் அதே தாளில்.